மூளை வைக்கும் கெடு

காது கேட்க மட்டும் செய்வதில்லை. ஒலி எழுப்பவும் செய்கிறது. உள்காதுக்குள் ஒலியைப் பெருக்கித் தரும் ஏற்பாடு ஒன்று இருந்தாக வேண்டும், இருந்தால் அதிலிருந்து மெல்லிய ஒலி வெளியே கசியவும் வேண்டும் என்று 1948-இல் தாமஸ் கோல்ட் என்ற இளம் விஞ்ஞானி எழுதினார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1978-இல், லண்டனில் டேவிட் கெம்ப் மிகச் சிறிய மைக் ஒன்றைக் காதுத் துளைக்குள் வைத்து, ஒரு 'கிளிக்' ஒலியைச் செலுத்திவிட்டுக் காத்திருந்தார். ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்கூடத் தாண்டியிருக்காது. காது பதில் சொன்னது. வந்தது வெறும் எதிரொலி இல்லை. உள்காதின் சுருள் குழாய்க்குள் ஆயிரக்கணக்கான புற மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி பட்டதும் அவை நீண்டும் சுருங்கியும் துள்ளும். அந்தத் துள்ளலில் பிறந்த ஒலிதான் அது.

பச்சிளம் குழந்தைக்கு இந்தக் கண்டுபிடிப்பு பெரிய வரம். "கேட்கிறதா, கண்ணு?" என்று விசாரித்துப் பதில் வாங்க முடியாத வயது அது. தூங்கும் குழந்தையின் காதில் மெத்தென்ற ரப்பர் முனையைச் செருகினால், சில நிமிடங்களில் காதிடமே நேரடியாகப் பதில் வாங்கிவிடலாம். இதைத்தான் ஓ.ஏ.இ. பரிசோதனை என்கிறார்கள். பதில் வராவிட்டால் கேட்கும் திறன் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிறந்தபோது காதில் தங்கிய கசடோ நீரோகூடத் தடுத்திருக்கலாம். அதனால் கருவியும் தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை. 'ரெஃபர்', அதாவது அடுத்த பரிசோதனைக்கு அனுப்பு என்று மட்டும் காட்டும். அடுத்தது 'பெரா' டெஸ்ட். தலையில் ஒட்டிய மின்முனைகள், ஒலி செவி நரம்பு வழியே மூளைத்தண்டு வரை போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும்.

இதற்கு உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு 1-3-6. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். இவ்வளவு அவசரம் ஏன்? காதில் உள்ள குறை ஓடியா போய்விடும்? ஓடாதுதான். ஆனால் மூளை காத்திருக்காது.

பீட்டர் ஹட்டன்லோக்கர் என்ற நரம்பியல் மருத்துவர் 1970-களில் சிகாகோவில் பொறுமையை மிகவும் சோதிக்கும் வேலை ஒன்றைச் செய்தார். வெவ்வேறு வயதில் இறந்தவர்களின் மூளைத் துணுக்குகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து, நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்புகளை எண்ணினார். வயது ஏற ஏற இணைப்புகளும் கூடும் என்று எதிர்பார்ப்போம். நடப்பது வேறு. பார்வைக்கான பகுதியில் முதல் ஆண்டிலேயே இணைப்புகள் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையத் தொடங்குகின்றன. முதலில் தாராளமாக இணைத்துப் போட்டுவிட்டு, புழங்குவதை வைத்துக்கொண்டு மற்றதைக் களைவதுதான் மூளையின் வழக்கம். ஒலியே வராத செவிப்பகுதியை அது சும்மா போட்டு வைப்பதில்லை. பார்வை போன்ற மற்றப் புலன்களின் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் அனு ஷர்மா, பிறவியிலேயே கேட்காத குழந்தைகளுக்கு, உள்காதில் பொருத்தும் செவிக் கருவியான காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்த பிறகு மூளையின் பதிலை அளந்து பார்த்தார். மூன்றரை வயதுக்குள் கருவி பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பதில் சில மாதங்களிலேயே சக வயதுக் குழந்தைகளின் அளவை எட்டிவிட்டது. ஏழு வயதுக்குப் பிறகு பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு எட்டவில்லை. கருவியும் அறுவை சிகிச்சையும் இரு தரப்புக்கும் ஒன்றுதான். வயது மட்டும்தான் வேறு. சைகை மொழிக்கும் இதே கதைதான். மூளைக்குத் தேவை மொழி. அது குரலில் வந்தாலும் கையில் வந்தாலும் சீக்கிரம் வர வேண்டும்.

இப்படி ஒரு கெடு காதுக்கு மட்டும் இல்லை. பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடி வைத்துத் திறந்தால், கண் பழுதில்லாமல் இருந்தும் மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடுகிறது என்று ஹ்யூபலும் வீசலும் காட்டினார்கள். பார்வை பற்றிய அவர்கள் ஆய்வுகளுக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறவிக் கண்புரையை முதல் இரண்டு மாதங்களுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று கண் மருத்துவர்கள் விரட்டுவது இதனால்தான். தைராய்டு சுரப்பு இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குக் கெடு இன்னும் குறைவு. குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்து, இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் காப்பாற்றப்படும். விலை மலிவான மாத்திரைதான். மாதங்கள் கடந்த பிறகு அதையே கொடுத்தால் உடல் வளரும்; இழந்த அறிவுத்திறன் முழுதாகத் திரும்பாது.

ஆக, சின்ன வயதில் காலமும் மருந்தின் ஒரு பகுதி. அந்தக் காலத்தை யார் கவனிப்பது?

மருத்துவர் குழந்தையை எப்போதாவது பார்க்கிறார். தினமும் பார்ப்பவர், வீட்டுக்கு வெளியே, அங்கன்வாடிப் பணியாளர்தான். ஊரில் இன்னும் 'பால்வாடி டீச்சர்' என்றுதான் பேர். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 இடங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. திட்டத்தின் பெயரிலேயே 'ஒருங்கிணைந்த' என்று போட்டதற்குக் காரணம் உண்டு. அதன் ஆறு சேவைகளில் இணை உணவு, முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்து பற்றிய அறிவுரை ஆகிய மூன்றும் மையத்தின் பொறுப்பு. தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை ஆகிய மூன்றும் சுகாதாரத் துறையோடு சேர்ந்து செய்ய வேண்டியவை. பாதித் திட்டம் பிறந்ததிலிருந்தே இன்னொரு துறையின் கையில் இருக்கிறது.

பணியாளருக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் எம்.கே.சி. நாயரும் குழுவினரும் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டை ஒரே ஒரு தாள்தான். முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது, பொம்மையின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டுவது என்று இரண்டு வயது வரைக்குமான 17 செயல்கள் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிடைக்கோடு. அந்தச் செயல் வழக்கமாக எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்துக்குள் வந்துவிடும் என்பதே கோட்டின் நீளம். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட கோடுகளில் ஏதாவது ஒன்றைக் குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சில நிமிட வேலை. நோய் இன்னதென்று இது சொல்லாது. யாரை அனுப்ப வேண்டும் என்று சொல்லும்.

அனுப்ப வேண்டிய இடமும் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தை நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இரு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். பிறவிக் குறைகள், சத்துக் குறைபாடுகள், குழந்தைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு தலைப்புகளில் சுமார் 30 நிலைகளை அவர்கள் தேடுகிறார்கள். சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்குப் போகலாம். குழந்தை நல மருத்துவர், செவித்திறன் வல்லுநர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

ஆள் இருக்கிறார்கள், இடம் இருக்கிறது. பிறகு குழந்தை எங்கே நழுவுகிறது? இரண்டரை வயதாகியும் பேசாத ஒரு பையனை வைத்துப் பார்ப்போம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம், உள்காதில் குறை இருக்கலாம், ஆட்டிசமாக இருக்கலாம், அறிவு வளர்ச்சி தாமதப்பட்டிருக்கலாம். வெளியே தெரிவது ஒன்றுதான்: பேச்சு வரவில்லை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று பாட்டி ஆறு மாதம் தள்ளிப்போடுவார். சீட்டு எழுதிக் கொடுத்ததோடு மருத்துவக் குழுவின் வேலை முடிந்துவிடும். மாவட்டத் தலைநகருக்குப் போய் வர பஸ் செலவு, ஒரு நாள் கூலி. போன அன்று பெரா டெஸ்டுக்கு வேறு தேதி. குழந்தைக்கு அடையாள அட்டையும் கருவியும் வாங்க மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. சிறப்பாசிரியர் வேண்டுமென்றால் பள்ளிக் கல்வித் துறை. கல்யாணப் பந்தியில் ஆளாளுக்கு 'அவர் பரிமாறியிருப்பார்' என்று நினைத்து நடந்துபோக, கடைசி இலை வெறுமையாகவே கிடப்பது போலத்தான் இதுவும். யாரும் தப்பு செய்திருக்க மாட்டார்கள். பையனுக்கு மட்டும் நான்கு வயது முடிந்திருக்கும்.

இதன் இன்னொரு முகம் எடைப் பதிவேட்டில் தெரியும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் எடை ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஊட்டச்சத்துக் கணக்கில் அது எடைக் குறைவு. கூடுதலாகச் சத்துமாவு கொடுப்பார்கள். ஆனால் சிக்கல் மாவில் இல்லை, தொண்டையில் இருக்கிறது. தலை பின்னால் சரிய, படுத்த வாக்கில் ஊட்டினால் விழுங்க முடியாமல் புரையேறும். சில சமயம் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியும். முதுகுக்கு அணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைத் தாங்கி, மாவைக் கெட்டியாகக் குழைத்துச் சின்னக் கரண்டியில் ஊட்ட இயன்முறை மருத்துவரோ பேச்சுப் பயிற்சியாளரோ அம்மாவுக்கும் அங்கன்வாடி ஆயாவுக்கும் சொல்லித் தர வேண்டும். பதிவேடு ஒரு துறையில், விடை இன்னொரு துறையில்.

தகவல் மேலே போனால் மட்டும் போதாது, கீழேயும் வர வேண்டும். தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைக்கிறார்கள். அதன் வெளிப்பகுதியைத் தலையோடு பிடித்து வைத்திருப்பது ஒரு காந்தம். ஓடிப் பிடித்து விளையாடும்போது அது நழுவி விழும். திரும்ப மாட்டத் தெரியாத மையத்தில், அன்று முழுக்கக் குழந்தைக்கு ஒன்றும் கேட்காது. சமர்த்தாக உட்கார்ந்திருப்பதாக எல்லோரும் நினைப்பார்கள். மாட்டுவது எப்படி, பேட்டரி மாற்றுவது எப்படி, மின்விசிறி இரைச்சலிலிருந்து தள்ளி, முகம் தெரியும்படி உட்கார வைத்துப் பேசுவது எப்படி என்று பணியாளருக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு மதியம் போதும். அது நடக்காவிட்டால் லட்சங்கள் செலவழித்த அறுவை சிகிச்சை பாதிப் பலன்தான் தரும்.

இந்த இடைவெளியை அடைக்க வழிகள் உண்டு. அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்காக 1965-இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் திட்டத்தில், குறைந்தது 10 சதவீத இடங்கள் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு என்று 1972-இல் சட்டம் வந்தது. சேர்ந்த 45 நாட்களுக்குள் பார்வை, செவி, வளர்ச்சி மூன்றையும் பரிசோதித்தாக வேண்டும். அதைவிடக் கெட்டிக்கார விதி ஒன்றும் அங்கே உண்டு: குறைபாடு இன்னதென்று அதிகாரபூர்வமாக முடிவாகும் வரை காத்திராமல், குழந்தைக்குத் தேவையான உதவியை மையம் உடனே தொடங்கிவிட வேண்டும். காகிதம் மெதுவாக நகரும் என்பதை விதியே ஒப்புக்கொண்டு வழி சொல்கிறது.

தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம் வேறு கோணத்தில் போனது. குழந்தையை ஊர் ஊராக அலையவிடாமல், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரைக் குழந்தையின் வீட்டுக்கு அனுப்புகிறது. அவர் கையில் இருக்கும் செயலியில் பதிவாகும் விவரத்தை மையத்திலுள்ள வல்லுநர்களும் பார்க்கிறார்கள். குளிக்க வைப்பது, சோறூட்டுவது போன்ற அன்றாட வேலைகளுக்குள்ளேயே பயிற்சியை நுழைக்க அம்மாவுக்குக் கற்றுத் தருகிறார்கள். ஒன்றிய அரசும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே ஓர் அங்கன்வாடி நெறிமுறையை 2023 நவம்பரில் வெளியிட்டது. குறிகளைக் கண்டுகொள்வது, குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது, மருத்துவக் குழுவிடம் கொண்டுசேர்ப்பது என்று மூன்று படிகளை அது வைக்கிறது.

இவற்றில் எது வேலை செய்கிறது என்று அறிய நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, எத்தனை குழந்தைகளைப் பரிசோதித்தார்கள் என்பது. அந்த எண் சுலபமாக ஏறும். முகாம் போட்டால் போதும். கேட்க வேண்டியது வேறு. சந்தேகம் வந்த நாளுக்கும் சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடையே எத்தனை நாள்? கருவி காதில் ஏறிய அன்று குழந்தைக்கு எத்தனை மாதம்? எந்தத் துறையின் ஆண்டறிக்கையிலும் இந்த இரண்டு எண்களையும் தனியாக ஒருவரால் நிரப்ப முடியாது. நாலு துறைக்காரர்களும் ஒரே குழந்தையின் பெயரைச் சொல்லி உட்கார்ந்து பேசினால்தான் அவை கிடைக்கும். மூளை வைத்த கெடுவுக்கு நீட்டிப்பு கேட்டு மனுப் போட முடியாது என்பதால், கணக்கை அதன் நாட்காட்டியில் எழுதுவதே நியாயம்.