புதிய டர்போ ஏன் மீண்டும் பழுதாகிறது?

வளைகுடா நாடுகளில் பல்லாண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் நம் சகோதரர்கள் சிலர், சேமிப்பைக் கொண்டு பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கிச் சரக்கு ஏற்றத் தொடங்குகின்றனர். வண்டி ஒருநாள் நின்றுவிட்டால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

புதுச்சேரி முல்லா வீதியில் வாழும் எங்கள் அண்டை வீட்டார் ஒருவரின் நிலையும் இதுவே. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன் பெட்டிகளை ஏற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னைக்குக் கொண்டு செல்வது அவர் தொழில். ஒருநாள் வண்டியின் இழுவை குறைந்தது. சைலன்சரிலிருந்து நீலப்புகை கிளம்பியது. சீழ்க்கை அடிப்பது போன்ற ஓசையும் கேட்டது. டர்போ கெட்டுவிட்டதாகப் பட்டறையில் சொன்னார்கள். மனைவியின் வளையல்களை விற்றுப் புதியது வாங்கிப் பொருத்தினார். இருபதாம் நாள் அதுவும் பழுதாயிற்று.

போலியை விற்று ஏமாற்றிவிட்டார்கள் என்றே அவர் எண்ணினார். ஆனால் வேறொரு பட்டறையின் முதிய மெக்கானிக், டர்போவுக்கு ஆயில் செல்லும் மெல்லிய குழாயைக் கழற்றி இரண்டாக அறுத்துக் காட்டினார். உள்ளே கரி இறுகி, ஊசி நுழையும் அளவே வழி இருந்தது. "பாய், டர்போவை மாற்றினீர்கள், அதைக் கொன்ற காரணத்தை மாற்றவில்லையே!" என்றார் அவர்.

டர்போ செய்யும் வேலை

எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் கூடுதல் டீசலை எரிக்கலாம்; ஆற்றலும் பெருகும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பூச்சி இதற்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். நம் சாலைகளில் ஓடும் மஹிந்திரா போலேரோ பிக்கப்பின் 2523 சி.சி. எஞ்சினும் டர்போ கொண்டதே.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது. அதனைத் தாங்கி நிற்பது ஆயிலின் மெல்லிய படலமே. ஆயில் குறைந்தாலோ அழுக்கடைந்தாலோ பேரிங் தேய்கிறது, தண்டு ஆடுகிறது, சக்கரம் கூட்டில் உரசி உடைகிறது.

மாற்றுவதற்கு முன்

இழுவை குறைந்து கரும்புகை வந்தால் முதலில் ஏர் பில்டரையும் காற்றுக் குழாய்களையும் பாருங்கள். கிழிந்த ரப்பர் குழாய் ஒன்றே காரணமாக இருக்கலாம். எஞ்சின் ஆவி வெளியேறும் வழி அடைபட்டிருந்தால், நல்ல டர்போவிலும் ஆயில் கசியும். நீலப்புகை மிகுதியானால் வண்டியை ஓட்டாதீர்கள். கசியும் ஆயிலே எரிபொருளாகி, சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்காமல் வெறிகொண்டு ஓடும் அபாயம் உண்டு.

மாற்றும்போது

எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். கடற்காற்றில் துருவேறிய போல்ட்டுகளைப் பலவந்தமாகத் திருகினால் உடைந்துவிடும். முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊற விடுவது நல்லது. உடைந்த சக்கரத் துணுக்குகள் காற்றுக் குழாய்களிலோ இண்டர்கூலரிலோ தங்கியிருந்தால் எஞ்சினையே அழித்துவிடும். ஆகவே அவற்றைக் கழற்றித் தூய்மை செய்ய வேண்டும். ஆயில் குழாய், கேஸ்கெட், ஆயில் பில்டர், எஞ்சின் ஆயில் ஆகிய யாவும் புதியனவாக இருக்கட்டும். ஆயில் இணைப்புகளில் பசை தடவ வேண்டாம். அதன் துணுக்கு வழியை அடைத்துவிடும்.

பொருத்தியதும் டர்போவின் ஆயில் துளையில் சிறிது ஆயில் ஊற்றித் தண்டை விரலால் சுழற்றுக. டீசல் செல்லாதபடி தடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ப் மோட்டாரை விட்டுவிட்டுச் சுற்றுக. பின்னர் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டுக் கசிவு உண்டா எனக் கவனிக்க வேண்டும்.

ஒரு நிமிடப் பொறுமை

நெடுந்தூரம் ஓடி வந்தவுடன் எஞ்சினைச் சட்டென்று அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடுகிறது. கொதிக்கும் டர்போவில் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகிறது. அந்தக் குழாய் அடைபட்டதும் இப்படித்தான்.

இப்போது எங்கள் அண்டை வீட்டார் வீதிக்கு வந்ததும் ஓரிரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு இருக்கையிலேயே அமர்ந்திருக்கிறார். அந்தப் பொறுமையை அவர் கற்றுக்கொண்டது இரண்டு டர்போக்களை இழந்த பிறகு. வளையல்களை விற்குமுன், "இது ஏன் கெட்டது?" என்று கேட்டிருந்தால் ஒன்றாவது மிஞ்சியிருக்கும்.