கடலைக்காய் உடைக்கும் கைமிஷின்: வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஐப்பசி பிறந்தால் பவானி, அந்தியூர், அம்மாபேட்டைப் பக்கம் ஆடிப்பட்டத்துக் கடலைக்காய் வரத்து தொடங்கிவிடும். அதே சமயத்தில் மழையும் தொடங்கிவிடும். காயும் மழையும் ஒன்றாக வருவதுதான் கடலை வியாபாரத்தில் பாதித் தொல்லைக்கு மூலகாரணம். காயை வாங்கி, காய வைத்து, உடைத்து, பருப்பாக்கி மூட்டை கட்டும் வரை வியாபாரிக்குத் தூக்கம் இல்லை.

சமீப காலமாகச் சிறு மளிகைக்கடைக்காரர்கள் சிலர் எங்கள் மண்டிக்கு வந்து, "ரெண்டு மூட்டை, மூணு மூட்டைக் காயை மில்லுக்குக் கொண்டு போனா ஏறெடுத்தும் பார்க்க மாட்டேங்கறாங்க. கைமிஷின் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். மரச்செக்கு எண்ணெய்க்கு மறுபடியும் கிராக்கி வந்த பிறகு இந்தக் கேள்வி அதிகமாகியிருக்கிறது. அவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

கையால் உடைத்த காலம்

நாங்கள் கடையில் உட்காரத் தொடங்கியபோது ஊர்ப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து கூலிக்குக் கடலைக்காய் உடைப்பது வழக்கம். விரலால் நசுக்கி உடைத்தால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சில கிலோ பருப்புத்தான் தேறும். ஆனால் பருப்பு முழுசாக இருக்கும். மேல்தோல் கூடக் கழன்றிருக்காது. இன்றைக்கும் விதைக்கடலையைப் பல விவசாயிகள் கையாலேயே உடைக்கிறார்கள். பருப்பின் நுனியில் இருக்கும் முளை சிதைந்தால் அது மண்ணில் முளைக்காது என்பதே காரணம்.

வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக ஒரு கெட்ட பழக்கமும் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. காயின் மேல் தண்ணீர் தெளித்து, ஓடு நமத்த பிறகு தடியால் தட்டி உடைப்பார்கள். புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சு நாட்டின் மார்செய் நகரத்துக்கு நம் கடலை கப்பலில் போன காலத்தில் இப்படி நனைத்து உடைத்த பருப்புதான் பெரும்பாலும் போயிற்று. கப்பலின் அடித்தளத்தில் பல வாரம் கிடந்த ஈரப்பருப்பு சூடேறிப் பூஞ்சை பிடித்துப் போய்ச் சேர்ந்தது. அதனால் நம் சரக்குக்கு அங்கே மதிப்புக் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காய்ந்த காயை அப்படியே உடைக்கும் இயந்திரங்கள் பரவிய பிறகுதான் அந்தக் கெட்ட பெயர் மெல்ல மெல்ல நீங்கியது. கைமிஷினைப் பற்றிப் பேசும்போது இந்தப் பழைய கதையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வேகம் இதன் ஒரு லாபம். தண்ணீர் தெளிக்காமலே உடைக்கலாம் என்பது அதைவிடப் பெரிய லாபம்.

மிஷின் எப்படி வேலை செய்கிறது?

நாலு கால் வைத்த இரும்புச் சட்டம். அதன் மேல், பாதியாக அறுத்த பீப்பாயைப் போல ஒரு தொட்டி. தொட்டியின் அடிப்பக்கம் வளைந்த சல்லடை. அதில் நீள்வட்டமான கண்கள். தொட்டிக்குள் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும் ஒரு சட்டம் தொங்கும். அதன் அடியில் வார்ப்பிரும்புப் பற்கள் பொருத்தியிருக்கும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளி இழுத்தால் பற்கள் காயைச் சல்லடை மேல் உருட்டித் தேய்க்கும். ஓடு நொறுங்கி, பருப்பும் ஓட்டுத்தூளும் சல்லடைக் கண் வழியாகக் கீழே விழும். பிறகு முறத்தில் புடைத்தோ காற்றில் தூற்றியோ பிரித்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் இல்லை, பெல்ட் இல்லை, கரண்டு இல்லை. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனமும் இவ்வகைக் கைக்கருவிகளை வடிவமைத்துத் தந்திருக்கின்றன. அந்த அமைப்பைப் பார்த்துப் பட்டறைக்காரர்களும் செய்து விற்கிறார்கள். ஓர் ஆள் நின்று ஆட்டினால் மணிக்குச் சுமார் 50 கிலோ காய் உடைக்கலாம். நாளொன்றுக்கு 400 கிலோ வரை போகும். நல்ல காயாக இருந்தால் 100 கிலோ காய்க்கு 70 கிலோ அளவில் பருப்புக் கட்டும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: பல்லுக்கும் சல்லடைக்கும் நடுவே உள்ள இடைவெளி. இடைவெளி கூடினால் காய் உடையாமல் உருளும். குறைந்தால் ஓட்டோடு பருப்பும் நொறுங்கும். பல்லை ஏற்றி இறக்க வசதி இருக்கும். காயின் ரகத்துக்குத் தக்கபடி அதைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திண்டிவனம் 7 போன்ற சிறு பருப்பு ரகத்துக்கு வைத்த இடைவெளியில் பெரிய காயைப் போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

வெளியூர் மிஷின்கள் சொல்லும் பாடம்

ஓட்டை உடைக்க வேண்டும், உள்ளே இருப்பதைத் தொடக்கூடாது என்ற சிக்கல் கடலைக்கு மட்டும் உள்ளதல்ல. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டையை உடைக்கும் மிஷினில் காலால் மிதித்தால் கொட்டையின் வடிவத்துக்கே வளைந்த இரண்டு கத்திகள் இருபுறமும் வந்து கவ்வும். கைப்பிடியை அசைத்தால் ஓடு பிளந்து பருப்பு வெளியே வரும். அமெரிக்காவில் பெக்கன் என்று ஒரு கொட்டை விளைகிறது. நீள்வடிவம், மெல்லிய ஓடு, உள்ளே இரண்டு பிளவாக இருக்கும் பருப்பு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் கைமிஷின், கொட்டையைப் பக்கவாட்டில் நசுக்குவதில்லை. இரண்டு நுனியையும் பிடித்து நெம்புகோலால் நீளவாக்கில் அழுத்துகிறது. ஓடு வெடிக்கும், பருப்பு நிற்கும்.

2001-ஆம் ஆண்டு ஜாக் பிராண்டிஸ் என்பவர் ஆப்பிரிக்காவில் உள்ள மாலி நாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் போனார். அங்கே பெண்கள் கையால் கடலை உடைத்து விரல் புண்ணாகி இருந்ததைப் பார்த்து, ஊர் திரும்பி, சிமெண்ட் கலவையில் வார்க்கும் ஒரு கைமிஷினை உருவாக்கினார். கூம்பு வடிவப் பாத்திரத்துக்குள் கூம்பு வடிவ உருளை ஒன்று சுற்றும். மேலே இடைவெளி அதிகம், கீழே போகப் போகக் குறைவு. பெரிய காய் மேலேயே உடையும். சிறிய காய் தனக்கேற்ற இடம் வரை இறங்கி உடையும். ஆகவே காயைத் தரம் பிரிக்காமலே போடலாம்.

நம்முடைய மிஷினில் அந்த வசதி இல்லை. எனவே காயைப் பெரிது, சிறிது என்று முன்னாலேயே சலித்துப் பிரித்துக்கொள்வதுதான் வழி. அரை மணி நேர வேலை. ஆனால் உடைசல் வெகுவாகக் குறையும்.

பழக்கத்தில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, காய்ச்சல். காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். ஆடாத காய் ஈரக்காய். அது மிஷினில் நசுங்குமே தவிர உடையாது. அதற்காக முறுக வெயிலில் கிடந்த காயைச் சூட்டோடு அள்ளிப் போடவும் கூடாது. பருப்பு இரண்டாகப் பிளக்கும், மேல்தோல் கழன்று வரும். மாலையில் நிழலுக்குக் கொண்டுவந்து ஓர் இரவு ஆற விட்டு மறுநாள் உடைப்பது எங்கள் வழக்கம்.

இரண்டாவது, அளவு. தொட்டி நிறையக் கொட்டி ஆட்டினால் அடியில் உள்ள பருப்பு வெளியேற வழியில்லாமல் திரும்பத் திரும்பத் தேய்ந்து பொடியாகும். ஒரு தடவைக்கு இரண்டு கிலோ போதும்.

மூன்றாவது, மிச்சக் காய். எவ்வளவு ஆட்டினாலும் சில சின்னக் காய்கள் உடையாமல் கீழே விழும். அவற்றைத் தனியே சேர்த்து வைத்து, இடைவெளியைக் குறைத்துக் கடைசியில் ஒருமுறை ஓட்ட வேண்டும். நல்ல பருப்போடு சேர்த்து மறுபடி மறுபடி ஆட்டக் கூடாது.

நான்காவது, கல். மண்ணாங்கட்டியும் கல்லும் உள்ளே போனால் பல் தேயும், சல்லடைக் கண் விரியும். கண் விரிந்த சல்லடையில் முழுக்காயே கீழே விழத் தொடங்கும். அப்போது சல்லடையை மாற்றிவிட வேண்டும்.

நாங்கள் செய்த தவறு

இனி எங்கள் கடையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1980-களில் ஒரு பங்குனி மாதம். வெயில் கடுமை. கைமிஷினில் உடைத்த பருப்பு நிறையப் பிளந்தது. ஆட்டிக்கொண்டிருந்த ஆள், "கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்கறனுங்க, முழுசா வரும்" என்றான். பக்கத்தில் பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்த வயசான அம்மா, "வேண்டாஞ் சாமி. இப்ப முழுசா வரும், மூட்டையில நிக்காது" என்று தடுத்தார்கள். நாங்கள் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எடையும் சற்றுக் கூடுமே என்ற ஆசையும் மனத்தின் ஓரத்தில் இருந்தது.

அன்று பருப்பு அழகாகத்தான் வந்தது. 80 கிலோ மூட்டையாகக் கட்டிக் கடலைமிட்டாய் செய்யும் ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பினோம். மூன்றாவது வாரம் அத்தனை மூட்டையும் வண்டியேறித் திரும்பி வந்தது. பிரித்தால் முக்கல் வாடை. மூட்டையின் நடுவே பச்சைப் பாசி படிந்தது போலப் பூஞ்சை. அவர் சண்டை போடவில்லை. "உங்களை நம்பித்தானுங்க மூட்டையைப் பிரிச்சுக்கூடப் பார்க்காம அடுக்கினேன்" என்று ஒரு வார்த்தை சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அவர் மறுபடி எங்கள் கடைக்கு வர நாலு வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து எங்கள் மண்டியில் கடலை உடைக்கும் இடத்தில் தண்ணீர்க்குடம் வைப்பதில்லை.

பூஞ்சை என்றால் வெறும் வாடை அல்ல

அப்போது எங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. காரணம் தேடியபோது, அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. ஒருவகைப் பூஞ்சை அந்தக் கடலையில் உண்டாக்கிய நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். அது கல்லீரலைக் கெடுக்கும். நாள்பட்டால் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். வறுத்தாலும் முழுவதும் அழியாது.

ஈரமும் சூடும் உடைந்த பருப்பும் சேர்ந்த இடம் அந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். முழுப்பருப்பை அதன் மேல்தோல் ஓரளவு காப்பாற்றும். உடைசலுக்கு அந்தக் காப்பு இல்லை. மரச்செக்குக்குப் பருப்புக் கொடுக்கும் வியாபாரிகள் இதில் இரட்டிப்புக் கவனம் வைக்க வேண்டும். செக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் போவதில்லை. பருப்பில் இருக்கும் நஞ்சில் ஒரு பகுதி எண்ணெயோடு வரும். மீதி பிண்ணாக்கில் தங்கி, மாட்டின் வயிற்றுக்குப் போய், பாலிலும் வரும்.

ஆகவே புடைத்த பிறகு பொறுக்குவதற்கு ஆள் வைப்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள். சுருங்கியது, கறுத்தது, நிறம் மாறியது, பூஞ்சை பட்டது இவற்றைப் பொறுக்கி எடுத்தாலே நஞ்சின் பெரும்பகுதி போய்விடும். அப்படிப் பொறுக்கியதைச் செக்குக்கோ தீவனத்துக்கோ தள்ளிவிடாமல் அப்புறப்படுத்த வேண்டும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, விற்ற சரக்குக்குக் கடைக்காரரும் பொறுப்பாளி என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு சிறு கணக்கு

முழுப்பருப்பு கிலோ 100 ரூபாய், உடைசல் 90 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 100 கிலோ காயில் 70 கிலோ பருப்பு. அதில் 7 கிலோ உடைசலானால் நஷ்டம் 70 ரூபாய். இடைவெளி சரியில்லாமல் 14 கிலோ உடைசலானால் 140 ரூபாய். நாளுக்கு 400 கிலோ உடைப்பவருக்கு, ஒரு திருகாணியைத் திருப்பாத குற்றத்துக்கு அன்றாடம் 280 ரூபாய் தண்டம். விலை ஏற இறங்க இருந்தாலும் கணக்கின் போக்கு மாறாது.

மிஷின் வாங்கப் போகும்போது உங்கள் ஊர்க் காயிலேயே ஐந்து கிலோ கொண்டு போங்கள். கடைக்காரர் முன்னிலையில் உடைத்து, முழுப்பருப்பு, உடைசல், உடையாத காய் மூன்றையும் தனித்தனியே எடை போட்டுப் பாருங்கள். வேறு கண் அளவுள்ள சல்லடையும் மாற்றுப் பல்லும் பின்னால் கிடைக்குமா என்று கேளுங்கள். ரப்பர் பதித்த பல் கிடைத்தால் அதையும் ஓட்டிப் பாருங்கள். வேகம் சற்றுக் குறைந்தாலும் உடைசல் குறையும்.

வாங்கிய காய் முழுவதையும் ஒரே நாளில் உடைத்துக் குவிக்கவும் வேண்டாம். ஓட்டுக்குள் இருக்கும் வரை பருப்பு கெடாமல் நிற்கும். உடைத்த பருப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வாரத்துக்கு விற்கிற அளவு மட்டும் உடைத்துக்கொள்ளலாம். சிறு கடைக்காரருக்குப் பெரிய மில்லில் கிடைக்காத வசதி கைமிஷினில் கிடைப்பது இதுதான். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள். மழைக்காலத்தில் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

பருப்பு பொறுக்கிய அந்த அம்மா இன்று இல்லை. அவர்கள் சொன்ன சொல் எங்கள் கடையில் இருக்கிறது. கைமிஷின் வாங்கும் ஒவ்வொரு வணிகரும், அதை ஆட்டும் ஆளுக்கு முதல் நாளே அந்தச் சொல்லையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.