ரெட்டினால் பூசும் சகோதரிகளுக்கு

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையில் உள்ள மருந்துக் கடைகளிலே இப்பொழுது ரெட்டினால் என்று பெயர் எழுதிய சிறு குழாய்கள் கண்ணில் படுகின்றன. முகச் சுருக்கத்துக்கும் பருவுக்கும் நல்லதென்று கேள்விப்பட்டு வாங்கும் சகோதரிகள் பலர். காலையும் மாலையும் அதைப் பூசி, ஒரு வாரத்தில் முகம் சிவந்து தோல் உரியக் கண்டு, "நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. குற்றம் மருந்தினுடையதன்று, அவசரத்தினுடையது.

பெயர் புதிதே தவிர, பொருள் பழையது. ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய மீன் எண்ணெயை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் நார்வே எண்ணெய் வரத்து நின்றுபோகவே, அந்நாளைய சென்னை மாகாண மீன் இலாகா கோழிக்கோட்டில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தது. அந்த எண்ணெயில் இருந்த சத்தே இன்று குழாயில் அடைபட்டு வருகிறது. அதன் ரசாயன அமைப்பை 1931-ல் கண்டு சொன்ன பால் காரர் 1937-ல் நோபல் பரிசு பெற்றார்.

சருமம் இதனை இரண்டு படிகளில் ரெட்டினாயிக் அமிலமாக மாற்றிக்கொள்கிறது. அந்த அமிலமே மேல்தோலைப் புதுப்பித்து, அடியில் கொல்லாஜன் என்னும் நார்ப்பொருள் வளரத் தூண்டுகிறது. ஆகையால் பலன் தெரிய 3 மாதமேனும் ஆகும். அதிகமாகப் பூசினால் எரிச்சல்தான் விரைந்து வரும்.

முதலில் வாரத்துக்கு 2 இரவுகள் போதும். முகம் கழுவி நன்கு உலர்ந்தபின் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லத் தடவுக. கண்ணோரத்தையும் உதட்டோரத்தையும் விட்டுவிடுக. வறண்ட சருமமுள்ளவர்கள் சாதாரண ஈரப்பசைக் க்ரீமை முன்னும் பின்னும் தடவிக்கொள்ளலாம். சில வாரங்கள் தொந்தரவின்றிச் சென்றால் ஒன்றுவிட்டு ஒரு நாள் பூசலாம். ஐரோப்பிய யூனியன் 2024-ல் முகக் க்ரீம்களுக்கு 0.3 சதவிகிதமே உச்ச வரம்பென்று விதித்தது. அப்படியிருக்க, எடுத்த எடுப்பில் 1 சதவிகிதக் குப்பியை நாடுவானேன்? கர்ப்பிணிகளும் கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்களும் இதைத் தொடவே வேண்டாம்.

நம்மவர் சருமத்தில் எரிச்சல் தணிந்த இடத்தில் கருந்திட்டு நின்றுவிடும், போக மாதக்கணக்காகும். காசிமேட்டில் வெயிலில் அமர்ந்து மீன் விற்பவருக்கும், எண்ணூர் நெடுஞ்சாலையில் ஸ்கூட்டரில் வேலைக்குச் செல்பவருக்கும் இந்த அபாயம் அதிகம். பகலில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூச இயலாதவர்கள் ரெட்டினாலைத் தொடங்காதிருப்பதே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

இன்னொரு விஷயம். ரெட்டினால் நிறத்தை வெளுக்க வைக்கும் மருந்தன்று. (மாநிறம் வியாதியுமன்று.) ட்ரெட்டினாயின், ஹைட்ரோக்வினோன், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீம் வேறு. மங்கு படர்ந்த முகத்துக்கு வைத்தியர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவது அது. அதைச் சிவப்பழகுக் க்ரீமென்று எண்ணி வருஷக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் வெளியே தெரிகின்றன. நிறுத்தினாலோ முகம் கனலாய் எரிகிறது. 2018-ல் இந்திய சர்க்கார் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுக்களை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்று உத்தரவிட்டது. கையிலிருக்கும் குழாயில் பெயர் "ஸோன்" என்றோ "சோல்" என்றோ முடிந்தால் சந்தேகப்படுக. உடனே நிறுத்திவிடாமல், அந்தக் குழாயையும் எடுத்துக்கொண்டு, ஜனங்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைக்கும் ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரியின் சரும வைத்தியப் பகுதிக்குச் சென்று காட்டுக.