உங்களுக்குத் தெரியுமா? ஒரே வெயில், பத்து மடங்கு சாவு

1995 ஜூலையில் சிகாகோ நகரை வாட்டிய வெயிலில், அடுத்தடுத்து இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளில் ஒன்றில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். மற்றதில் 4 பேர்கூட இல்லை!

• அதிகம் இறந்தது நார்த் லான்டேலில். அங்கே கடைகள் மூடிக் கிடந்தன, மனைகள் காலியாகக் கிடந்தன. குற்றங்களுக்குப் பயந்து முதியவர்கள் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே வெந்தார்கள். சவுத் லான்டேலிலும் வறுமை உண்டு, தனியாக வாழ்ந்த முதியவர்களும் உண்டு. ஆனால் வாசலில் இறங்கினால் கடைத்தெரு, தெரிந்த முகங்கள். இதை ஆராய்ந்து எழுதியவர் சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க்.

• அப்போது நகரத்தில் கால்வாசிப் பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். வெயிலுக்குப் பலியானவர்களில் அவர்கள் 100-க்கு 2 பேர்தான்.

• தனியாக வாழ்ந்த முதியவர்களில் பெண்களே அதிகம். ஆனாலும் ஆண்களுக்குத்தான் சாவு அபாயம் கூடுதல். உறவும் நட்பும் அற்றுப்போய் வாழ்ந்தவர்களில் ஆண்களே மிகுதி. நெஞ்சை உறுத்தும் கணக்கு இது.

• வெயில் முதியவர்களை அதிகம் வாட்ட உடலும் ஒரு காரணம்: வயது ஏற ஏற வியர்ப்பது குறைகிறது, தாகமும் சட்டென்று தெரிவதில்லை.

• அந்த வெயிலில் நகரம் முழுக்க, வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த மரணங்கள்: 739.