லென்ஸ் போனாலும் கேமரா போகாது

கொல்கத்தாவின் மழைக்காலம் கேமராக்களுக்கு ஆகாது. தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டிய பழைய பிலிம் கேமராவைச் சில மாதங்கள் கழித்து எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். லென்ஸின் உட்புறத்தில் சிலந்தி வலையைப் போல மெல்லிய வெள்ளை இழைகள் படர்ந்திருக்கும். அது பூஞ்சை. ஈரக்காற்றில் வளரும் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பூஞ்சையைத் துடைத்தெடுத்தாலும் தழும்பு போகாது. சரிசெய்ய ஆகும் செலவு கேமராவின் விலையைத் தாண்டிவிடுவதால், இப்படிப்பட்டவை பெரும்பாலும் காயலான் கடைக்குத்தான் போகின்றன. ஆனால் அந்தக் கேமராவில் கெட்டுப்போனது லென்ஸ் மட்டும்தான். ஒளி புகாத பெட்டி, பிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் சட்டம், சுருளை நகர்த்தும் பற்சக்கரம் எல்லாம் பழுதில்லாமல் இருக்கின்றன. கண்ணாடி இருந்த இடத்தில் ஓர் ஊசித்துளையையோ, வட்ட வளையங்கள் கொண்ட மண்டலத் தகட்டையோ பொருத்தினால் அது மறுபடியும் படம் எடுக்கும். அதோடு, ஒளியின் இயல்பைக் கற்றுத்தரும் மலிவான ஆய்வுக்கூடமாகவும் ஆகும். பள்ளிகளும் கல்லூரிகளும் இந்தக் கேமராக்களை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த முயற்சிக்குக் கொல்கத்தாவைப் போல் பொருத்தமான ஊர் அரிது. நில அளவைத் துறைக்கான கருவிகளைச் செய்யவும் பழுது பார்க்கவும் 1830-ல் இங்கே கணிதக் கருவி அலுவலகம் தொடங்கப்பட்டது. 1843-ல் அதன் தலைமைக் கருவி வினைஞர் ஆனவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் உசேன். சென்னையில் நகைத் தொழில் செய்துகொண்டிருந்தவர் அவர். அந்த அலுவலகமே பின்னாளில் ஜாதவ்பூரில் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்து, 1980-களில் ‘நேஷனல் 35’ என்ற பிலிம் கேமராவைத் தயாரித்தது. நலிந்து மூடிய அந்த ஆலை 2009-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வசம் வந்தது. கேமராவைச் செய்த ஊரே அதற்கு இரண்டாம் வாழ்வும் கொடுப்பது பொருத்தம்தானே!

ஊசித்துளையின் வழியே உருவம் தலைகீழாக விழுவதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதற்குப் பாடநூல் காட்டும் சான்று அது. அப்படியானால் துளை சிறுக்கச் சிறுக்கப் படம் கூர்மையாகிக்கொண்டே போக வேண்டும். செய்து பார்த்தால் ஓர் எல்லைக்குப் பிறகு படம் மறுபடியும் மங்குகிறது. மிகச் சிறிய துளையில் நுழையும் ஒளி அலை விளிம்புகளில் வளைந்து பரவுவதே காரணம். இதுதான் விளிம்பு விளைவு. 1906-ல், பதினெட்டு வயதில், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சி.வி. ராமன் வெளியிட்ட முதல் ஆய்வுக் கட்டுரையே செவ்வகத் துளையில் ஒளி இப்படி வளைவதைப் பற்றியதுதான். மறு ஆண்டு அவர் கொல்கத்தாவுக்கு வந்து, பவ்பஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். துளை பெரிதானால் நேர்கோட்டுக் கணக்கு படத்தைக் கெடுக்கும். சிறிதானால் அலைக் கணக்கு கெடுக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள சரியான அளவை இயற்பியலாளர் லார்ட் ரேலே கணக்கிட்டுத் தந்தார். துளைக்கும் பிலிமுக்கும் இடையே 50 மி.மீ. தொலைவு இருந்தால், பச்சை ஒளிக்கு அந்த அளவு சுமார் 0.3 மி.மீ.

அந்தத் துளையைப் போடுவதில் பொறுமை வேண்டும். குளிர்பான டப்பாவிலிருந்து தபால்தலை அளவுக்கு ஓர் அலுமினியத் துண்டை வெட்டி, தடித்த அட்டைமேல் வைத்து, ஊசி முனையால் லேசாக அழுத்த வேண்டும். மறுபுறம் சிறு மேடு எழும்பும். அதை நைசான உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ஊசியை வைத்துத் திருகி, மறுபடி தேய்க்க வேண்டும். துளையின் ஓரத்தில் பிசிறு நின்றால் படத்திலும் தெரியும். ஸ்கேனரில் அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் என்ற அளவில் பதிந்து பார்த்தால் 0.3 மி.மீ. துளையின் குறுக்களவு சுமார் 28 புள்ளிகளாகத் தெரியும். அளவு சரியா என்று வீட்டிலேயே எண்ணிவிடலாம். உள்பக்கம் கறுப்படித்த தகட்டை லென்ஸ் இருந்த இடத்தில் ஒட்டி, மேலே ஒரு கறுப்பு டேப்பை ஒட்டினால் அதுவே ஷட்டர். நல்ல வெயிலில் 100 வேக பிலிமுக்கு டேப்பை ஒரு நொடி விலக்கினால் போதும்.

மண்டலத் தகடு அடுத்த படி. நடுவில் தெளிவான வட்டம், சுற்றிலும் கறுப்பும் தெளிவுமாக மாறி மாறி வளையங்கள். வெளியே போகப் போக வளையங்கள் மெலியும். ஆனால் எல்லா வளையங்களின் பரப்பும் சமம். படத்தைக் கெடுக்கும் அலைகளைக் கறுப்பு வளையங்கள் மறைக்க, ஒத்துப்போகும் அலைகள் மட்டும் உள்ளே வந்து ஓரிடத்தில் கூடுகின்றன. மேற்சொன்ன 50 மி.மீ. தொலைவுக்கு ஒன்பது மண்டலங்கள் கொண்ட தகட்டின் மொத்த அகலமே ஒரு மி.மீ.தான். பெரிய தாளில் வரைந்து, அச்சகங்கள் பயன்படுத்திய லித் பிலிமில் சிறிதாக்கிப் படமெடுத்தால் தகடு தயார். ஊசித்துளையைவிட ஐந்தாறு மடங்கு ஒளி உள்ளே வரும். குவியாத ஒளியும் சேர்ந்து வருவதால் வெளிச்சமான பொருள்களைச் சுற்றி மென்மையான ஒளிவட்டம் படியும். கண்ணாடி லென்ஸ் நீலத்தை அருகிலும் சிவப்பைச் சற்றுத் தள்ளியும் குவிக்கிறது. மண்டலத் தகட்டில் இது தலைகீழ்: சிவப்பு சுமார் 39 மி.மீ.யிலும் நீலம் சுமார் 61 மி.மீ.யிலும் குவியும்.

கைப்பேசியே துல்லியமாகப் படம் எடுக்கும்போது இந்த மங்கல் படம் எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசி படத்தைத் தருகிறது. படம் உருவாகும் விதத்தை அது காட்டுவதில்லை. தவிர, லென்ஸ் இல்லாப் படக்கலை பழங்கதையும் அல்ல. ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்களைக் கண்ணாடி லென்ஸால் குவிக்க முடியாது. 2009 ஜனவரியில் ரஷ்யா ஏவிய கொரோனாஸ்-ஃபோட்டான் செயற்கைக்கோளில் இருந்த ஆர்டி-2 கருவியில் மண்டலத் தகடுகளும் துளைத் தகடுகளும் இடம்பெற்றன. அதை உருவாக்குவதில் முன்நின்றது கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையம். 2015-ல் இஸ்ரோ ஏவிய ஆஸ்ட்ரோசாட்டும், துளைகளை ஓர் ஒழுங்கில் இட்ட தகட்டின் நிழலைக் கொண்டு எக்ஸ் கதிர் மூலங்களின் இருப்பிடத்தை அறிகிறது. குளிர்பான டப்பாத் தகட்டில் துளையிடும் மாணவி இந்த ஆய்வுகளின் முதல் பாடத்தைத்தான் படிக்கிறாள்.

பழைய கேமராவை இப்படி மாற்றுவது மரபுச் சின்னத்தைச் சிதைப்பதாகாதா என்ற கேள்வி நியாயமானது. லென்ஸ் நன்றாக உள்ள கேமராவையும், அரிதான நேஷனல் 35 போன்றவற்றையும் தொடவே கூடாது. லென்ஸைக் கழற்றி மாட்டும் எஸ்.எல்.ஆர். கேமராவாக இருந்தால், கேமராவில் லென்ஸ் மாட்டும் வாயை மூடும் பிளாஸ்டிக் மூடியில் துளையிட்டால் போதும். கேமராவில் ஒரு கீறலும் விழாது. பிலிம் விலை கூடிவிட்டது என்பதும் உண்மை. அதற்குப் பதிலாகப் புகைப்படத் தாளைத் துண்டாக்கி உள்ளே வைக்கலாம். வெயிலில் கால் நிமிடம் போலக் காட்டி, சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில் கழுவினால் எதிர்ப்படம் கிடைக்கும். அதை நேர்ப்படமாக மாற்றக் கைப்பேசியே போதும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளைப் படநாள். 2001 முதல் நடந்துவருகிறது. அதற்குள் ஒவ்வொரு பள்ளியும் பூஞ்சை பிடித்த ஒரு கேமராவையாவது கேட்டு வாங்கி மாணவர் கையில் கொடுக்கட்டும். உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருந்தால், காயலான் கடைக்குப் போடுமுன் பக்கத்துப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.