தோற்பவனின் உழைப்பு

தொழில்முறை மல்யுத்தம் பற்றிப் பேச்சு வந்தாலே நம் வட்டாரத்தில் யாராவது ரொலான் பார்த்தை இழுத்துவிடுவார்கள். இழுக்க வேண்டியதுதான். 1952இல் எழுதி 1957இல் ‘மித்தாலஜீஸ்’ நூலில் சேர்த்த கட்டுரையில், மல்யுத்தம் விளையாட்டு அல்ல, ஒரு காட்சி; அங்கே வலியும் தோல்வியும் பார்வையாளர் வாசிப்பதற்கென முன்வைக்கப்படும் குறிகள் என்று அவர் நிறுவினார். ‘எல்லாம் பொய்யாட்டம்ப்பா’ என்று ஒதுங்கிவிடுகிறவர்களுக்கு அது இன்றைக்கும் சரியான பதில். ஆனாலும் எனக்கொரு நெருடல். அந்தக் குறியை உற்பத்தி செய்கிற உடம்பு யாருடையது, அதற்கு என்ன கூலி?

பாரி ஹோரோவிட்ஸை எடுத்துக்கொள்வோம். 1959இல் ஃபுளோரிடாவில் பிறந்தவர். போரிஸ் மலென்கோவிடம் பயின்று, ஜாக் ஹார்ட் என்ற பெயரிலும் சிறு வட்டாரக் குழுக்களில் ஆடி, 1987இல் டபிள்யூடபிள்யூஎஃப் நிறுவனத்துக்கு வந்தார். அங்கே அவர் வேலை தோற்பது. வாரக் கடைசித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் நட்சத்திரம் ஒருவர் ஐந்து நிமிடத்துக்குள் இவரைப் போட்டு மிதிப்பார். அதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் பெரிய அரங்கக் காட்சிக்கு டிக்கெட் வாங்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

இந்த ஆட்களுக்கு ‘ஜாபர்’ என்று பெயர். இந்தத் தொழிலின் குழூஉக்குறியைக் கொஞ்சம் கவனியுங்கள். தோற்றுக்கொடுப்பது ‘ஜாப்’. முடிவை முன்பே பேசிவைத்த ஆட்டம் ‘வொர்க்’. வலிப்பதாகக் காட்டுவது ‘செல்லிங்’, அதாவது விற்பது. பார்த் குறியியலாகப் பார்த்ததை இந்தத் தொழிலாளிகள் உழைப்பாகவும் சரக்காகவும் பெயர் சொல்லி வைத்திருக்கிறார்கள். நட்சத்திரம் தூக்கி எறிவதாக நமக்குத் தெரிகிற இடத்தில், எறியப்படுகிறவன் தானே எம்பிக் கொடுக்க வேண்டும். தலை மோதாமல் முதுகைப் பரப்பி விழ வேண்டும். திறமை பாதி அவனிடம். பெயர் முழுக்க அடுத்தவனுக்கு. ஹோரோவிட்ஸ் ஆட்டத்துக்கு நடுவே தன் முதுகைத் தானே தட்டிக்கொடுத்துக்கொள்வார். அதுதான் அவருடைய அடையாளம்.

1995 ஜூலையில், உடற்பயிற்சிப் பெருமை பேசும் ‘ஸ்கிப்’ பாத்திரத்தை அவர் வென்றார். ஆகஸ்ட் 27 அன்று பிட்ஸ்பர்க் சம்மர்ஸ்லாமில் மறுபடியும் வென்றார். அந்த வெற்றியும் நிர்வாகம் எழுதிக் கொடுத்ததுதான். அதோடு ‘ஹவா நகீலா’ மெட்டும் அவருக்கு நுழைவிசையாக வந்து சேர்ந்தது. தோற்கும்வரை அவர் வெறும் ஆள், ஜெயித்ததும் யூதர். அடையாளத்தைக் கொடுப்பதும் மறைப்பதும் யார் கையில் இருக்கிறது என்பது இங்கே பச்சையாகத் தெரிகிறது.

அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூ ‘நைட்ரோ’வைத் தொடங்கியது. திங்கள் இரவுப் பார்வையாளர்களுக்கான சண்டையில், நட்சத்திரத்தோடு நட்சத்திரம் மோதுவதைத் தொலைக்காட்சியிலேயே காட்டியாக வேண்டிய நிலை வந்தது. தோற்பதற்கென்றே வைத்திருந்த ஆட்களின் தேவை சுருங்கியது. ஹோரோவிட்ஸ் மறுபடி தோற்கப் போனார். 1997இல் வெளியேறி டபிள்யூசிடபிள்யூவிலும் அதே வேலையைத்தான் பார்த்தார்.

எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் யோசிக்க வேண்டியது இந்த இடத்தில்தான். 1989இல் நியூ ஜெர்சியில், அரசுக் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்க, ‘இது போட்டி அல்ல, கேளிக்கை’ என்று நிறுவனமே சொன்னது. ஆடுகிறவர்களை ஊழியர்களாகவும் அது ஏற்பதில்லை. அவர்கள் சுயேச்சை ஒப்பந்தக்காரர்களாம். ஆக விளையாட்டும் இல்லை, உத்தியோகமும் இல்லை. 1986இல் ஜெஸ்ஸி வெஞ்சுரா சங்கம் வைக்கலாம் என்று சகாக்களிடம் பேசிப் பார்த்தார்; நடக்கவில்லை. இன்றுவரை சங்கம் கிடையாது.

ஆகவே ‘மல்யுத்தம் நிஜமா, பொய்யா’ என்ற கேள்வி நிர்வாகத்துக்கு ரொம்ப வசதியானது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை, விழுந்த முதுகுக்கு மருத்துவச் செலவு யார் கொடுப்பது என்று நாம் கேட்கமாட்டோம்.