முறுக்குவிசை மாற்றிக் கோளாறுகள்

முறுக்குவிசை மாற்றி என்பது தானியங்கிக் கியர் கொண்ட ஊர்திகளில் பொறிக்கும் கியர்பெட்டிக்கும் இடையே அமைந்து, எண்ணெயின் ஓட்டத்தின் வழியாகத் திறனைக் கடத்தும் கருவி ஆகும். பணிமனைகளில் இது டார்க் கன்வெர்ட்டர் என்றே வழங்கப்படுகிறது. கையால் கியர் மாற்றும் ஊர்திகளில் கிளட்ச் செய்யும் வேலையை இது செய்கிறது. அத்துடன் ஊர்தி புறப்படும்போது பொறியின் முறுக்குவிசையைப் பெருக்கியும் தருகிறது. எஸ்யூவி வகை ஊர்திகள் எடை மிகுந்தவை; இழுவண்டி இழுப்பதற்கும் மலைப்பாதைகளில் ஏறுவதற்கும் பயன்படுபவை. ஆதலால் அவற்றில் இக்கருவி கூடுதல் சுமைக்கு உள்ளாகிறது.

இதன் கோளாறுகளுள் பல, கருவி உடைவதால் அல்லாமல் அதிலுள்ள எண்ணெய் கெடுவதால் தோன்றுபவை. காரணத்தைச் சரியாகப் பிரித்தறிந்தால் எண்ணெய் மாற்றுவதோடு செலவு முடியலாம். தவறாக அறிந்தால் கியர்பெட்டியையே மாற்ற நேரிடலாம்.

வரலாறு

ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மான் ஃபாட்டிங்கர் ஸ்டெட்டின் நகரின் வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றியபோது, 1905இல் இதன் அடிப்படைக்குக் காப்புரிமம் பெற்றார். விரைவாகச் சுழலும் நீராவி விசையாழியை மெதுவாகச் சுழலும் கப்பல் உந்தியுடன் இணைப்பதே அவரது நோக்கமாக இருந்தது. மகிழுந்துகளில் 1948இல் பியூக் நிறுவனத்தின் டைனாஃப்ளோ இதனைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. 1949இல் பேக்கார்டு நிறுவனத்தின் அல்ட்ராமேட்டிக், பூட்டுக் கிளட்ச் என்னும் பகுதியைச் சேர்த்தது. 1970களின் எரிபொருள் நெருக்கடிக்குப் பின்னர் பூட்டுக் கிளட்ச் பொதுவான உறுப்பாயிற்று.

அமைப்பும் செயற்பாடும்

நடுவில் துளையுள்ள வடை போன்ற வடிவமுடைய எஃகுக் கூட்டினுள் எண்ணெய் நிரம்பியிருக்கும். அதனுள் பின்வரும் உறுப்புகள் உள்ளன.

எக்கி: கூட்டுடன் இணைந்தது, பொறியுடன் சேர்ந்து சுழன்று எண்ணெயை வீசுகிறது.
விசையாழி: எக்கி வீசும் எண்ணெயால் சுழன்று கியர்பெட்டியின் தண்டைச் சுழற்றுகிறது.
நிலையி: இரண்டுக்கும் நடுவில் உள்ளது. விசையாழியிலிருந்து திரும்பும் எண்ணெயின் திசையை மாற்றி எக்கிக்குத் துணைசெய்யுமாறு அனுப்புகிறது. இது ஒருவழிக் கிளட்ச் ஒன்றின் மீது அமைந்துள்ளது.
பூட்டுக் கிளட்ச்: தேவையானபோது விசையாழியை வெளிக்கூட்டுடன் நேரடியாகப் பிணைக்கிறது.

ஒன்றையொன்று நோக்கி வைக்கப்பட்ட இரு மின்விசிறிகளுள் ஒன்றை மட்டும் இயக்கினால், அதன் காற்றால் மற்றதும் சுழலத் தொடங்கும். எக்கியும் விசையாழியும் இவ்வாறே செயற்படுகின்றன. ஊர்தி நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது, நிலையியின் துணையால் முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காகப் பெருகும். விசையாழியின் வேகம் எக்கியின் வேகத்தில் சுமார் 90 விழுக்காட்டை எட்டும்போது இப்பெருக்கம் நின்றுவிடும்; நிலையி தடையின்றிச் சுழலத் தொடங்கும். எஞ்சிய நழுவலை நீக்குவதற்காகவே பூட்டுக் கிளட்ச் பயன்படுகிறது.

வெப்பம்

எக்கிக்கும் விசையாழிக்கும் இடையிலான நழுவல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாக மாறுகிறது. நிமிடத்திற்கு 2000 சுற்றுகளில் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் பொறியின் திறன் சுமார் 63 கிலோவாட் ஆகும். ஊர்தி அசையாதபடி பிரேக்கை அழுத்திக்கொண்டு அந்நிலையில் பொறியை இயக்கினால், 63 கிலோவாட்டும் சில லிட்டர் எண்ணெயைச் சூடாக்குவதிலேயே செலவாகும். இதனாலேயே பணிமனைகளில் செய்யப்படும் நிறுத்தநிலைச் சோதனை சில வினாடிகளுக்கு மேல் நீடிக்கக்கூடாது என எச்சரிக்கப்படுகிறது. மணலில் சிக்கிய ஊர்தியை விடாமல் முடுக்குவதும், மேட்டுச் சாலையில் பிரேக்குக்குப் பதிலாக முடுக்கியை மிதித்தே ஊர்தியை நிறுத்தி வைப்பதும் இதே விளைவைத் தரும்.

கோளாறுகளும் அறிகுறிகளும்

அதிர்வு: மிதமான வேகத்தில், முடுக்கியை இலேசாக மிதித்துச் செல்கையில், மேடுபள்ளமான சாலையில் செல்வது போன்ற குறுகிய அதிர்வு தோன்றும். பூட்டுக் கிளட்ச் சீராக நழுவாமல் பற்றுவதும் விடுவதுமாக இருப்பதே காரணம். நழுவும் வேகம் கூடும்போது உராய்வு குறையுமானால் இந்நிலை தோன்றும். வில் தந்தியைப் பற்றிப் பற்றி விடுவதால் வயலினில் ஒலி எழுவதும் இதே இயற்பியலால்தான். எண்ணெயில் கலந்துள்ள உராய்வு மாற்றிகள் என்னும் வேதிப்பொருள்கள் இதனைத் தடுக்கின்றன; அவை தீரும்போது அதிர்வு தொடங்குகிறது.

பூட்டுக் கிளட்ச் பற்றாமை: நெடுஞ்சாலையில் பொறியின் சுழற்சி வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும், எரிபொருள் செலவும் வெப்பமும் மிகும். ஊர்தியின் கணினி பி0741 என்னும் பிழைக்குறியைப் பதிவு செய்யக்கூடும்.

பூட்டுக் கிளட்ச் விடாமை: ஊர்தி நிற்கும் தறுவாயில் பொறி அணைந்துவிடும்.

நிலையியின் ஒருவழிக் கிளட்ச் பழுது: அது பற்றாமல் போனால் புறப்படும்போது ஊர்தி மந்தமாக இருக்கும், வேகமெடுத்தபின் இயல்பாக ஓடும். அது இறுகிவிட்டால் புறப்பாடு இயல்பாக இருக்கும்; உயர்வேகத்தில் திறன் குன்றி வெப்பம் மிகும்.

கசிவும் ஓசையும்: கழுத்துப் பகுதியின் எண்ணெய்த் தடுப்பு தேய்ந்தால் கசிவும், உட்தாங்கிகள் தேய்ந்தால் உறுமல் ஓசையும் தோன்றும்.

எடுத்துக்காட்டுகள்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 8எல்90, 8எல்45 என்னும் 8 வேகக் கியர்பெட்டிகள் காடிலாக் எஸ்கலேட், ஜிஎம்சி யூக்கான் ஆகிய எஸ்யூவிகளிலும் பல சரக்குந்துகளிலும் பொருத்தப்பட்டன. 2015 முதல் 2019 வரையான மாதிரிகளில் மேற்கூறிய அதிர்வு பலருக்கு ஏற்பட்டது. தொடக்கத்தில் நிரப்பப்பட்ட எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொண்டு உராய்வுப் பண்பை இழந்தது காரணமாகக் கூறப்பட்டது. 2019இல் அந்நிறுவனம், பழைய எண்ணெயை முற்றிலும் வெளியேற்றி வேறு வகை எண்ணெயை நிரப்புமாறு பணிமனைகளுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டில் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் உரிமையாளர்கள் வழக்குத் தொடர்ந்தனர்.

இரண்டாவது எடுத்துக்காட்டு நிசான் நிறுவனத்தின் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா ஆகிய எஸ்யூவிகள் தொடர்பானது. இவற்றில் கியர்பெட்டி எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டருக்குள்ளேயே இருந்தது. 2005 முதல் 2010 வரையான மாதிரிகள் சிலவற்றில் அப்பகுதியில் விரிசல் ஏற்பட்டு, குளிர்விப்பு நீர் எண்ணெயுடன் கலந்தது. இவ்வாறு கலந்த எண்ணெய் இளஞ்சிவப்புப் பால் போலத் தோன்றும். நீரும் கிளைக்காலும் உராய்வுத் தகடுகளின் பசையைக் கரைப்பதால் கியர்பெட்டி முழுவதும் பாழாகக்கூடும். 2010இல் நிறுவனம் அமெரிக்காவில் ரேடியேட்டருக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டுகள் அல்லது 80,000 மைல்களாக நீட்டித்தது. இங்கு முதற்பழுது ரேடியேட்டரில் இருந்தது. மாற்றியும் கியர்பெட்டியும் அதன் விளைவைத் தாங்கின.

பிரித்தறிதல்

பூட்டுக் கிளட்ச் அதிர்வும் பொறியில் எரிதல் தவறுவதால் வரும் அதிர்வும் ஓட்டுநருக்கு ஒன்றுபோலவே தோன்றும். இதனால் தீப்பொறிச் செருகிகளை வீணாக மாற்றுவதும், மாறாகச் செருகி பழுதுக்காகக் கியர்பெட்டியைக் கழற்றுவதும் நிகழ்கின்றன. பல ஊர்திகளில் பிரேக் மிதியை இலேசாகத் தொட்டாலே பூட்டுக் கிளட்ச் விடுபட்டுவிடும். சீரான வேகத்தில் அதிர்வு வரும்போது இவ்வாறு தொட்டவுடன் அது நின்றுவிட்டால், பூட்டுக் கிளட்சையே முதலில் ஐயுற வேண்டும். இச்சோதனையைப் போக்குவரத்து இல்லாத சாலையில் மட்டுமே செய்தல் வேண்டும்.

அடுத்து எண்ணெயைப் பார்த்தல் வேண்டும். கருமையும் கருகிய மணமும் மிகுவெப்பத்தையும், பால்நிறம் நீர்க்கலப்பையும், உலோகத் துகள்கள் உள்ளுறுப்புகளின் தேய்வையும் காட்டுகின்றன. முதல் அறிகுறியுடன் அதிர்வு மட்டும் இருப்பின், உரிய எண்ணெயை மாற்றுவதால் பயன் கிட்டலாம். துகள்கள் மிகுந்திருப்பின் மாற்றியைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அப்போது குளிர்விப்புக் குழாய்களையும் தூய்மை செய்யாவிடில் பழைய துகள்கள் புதிய மாற்றியையும் கெடுத்துவிடும்.

பராமரிப்பு

தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகை எண்ணெயையே பயன்படுத்த வேண்டும். நிறத்தால் ஒத்திருந்தாலும் உராய்வு மாற்றிகள் வகைக்கு வகை வேறுபடும். எண்ணெயை வாழ்நாள் முழுதும் மாற்றத் தேவையில்லை எனச் சில தயாரிப்பாளர்கள் கூறினும், கடும் பயன்பாட்டுக்குக் குறைந்த கால அளவைக் குறிப்பிடும் கையேடுகளும் உள்ளன. இழுவண்டி இழுத்தல், மலைப்பயணம், வெப்பமான இடங்களில் நெரிசலில் ஊர்ந்து செல்லல் ஆகியவை கடும் பயன்பாட்டில் அடங்கும். இத்தகைய ஊர்திகளில் தனியான எண்ணெய்க் குளிர்விப்பி பொருத்துவது வெப்பத்தைக் குறைத்து, முறுக்குவிசை மாற்றியின் ஆயுளை நீட்டிக்க உதவும்.